திருமதி பென்னட்டின் கேள்வி

2003இல் நான் ஷார்ஜாவில் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வியாழக்கிழமை இரவு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே அம்மா, நான், தம்பி மூவரும் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். என் பள்ளிப் பைக்குள் ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' கிடந்தது. எதையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக அதைப் பிரித்து வைத்திருந்தேன். நாலு மணி வாக்கில் அம்மா தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அப்பாவுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நம்ம விசா என்னடி ஆகும்?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. உள்ளே மனுஷர் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறார், இவளுக்கு விசா கவலை. நான் பதில் சொல்லவில்லை.

மடியில் இருந்த புத்தகத்திலும் ஒரு தாய் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். கணவர் செத்தால் வீடு யாருக்கு என்று ஓயாமல் புலம்பும் திருமதி பென்னட். அவளைப் பார்த்து வெட்கப்படும் மகள் எலிசபெத்தின் பக்கம்தான் நான் நின்றேன். வாசகர்களில் பெரும்பாலோர் அங்கேதான் நிற்கிறார்கள்.

அப்பா பிழைத்து வந்தார். அந்தக் கேள்வியை வீட்டில் யாரும் மறுபடி எடுக்கவில்லை. பல வருடம் கழித்து, அந்த நாவலை மாற்றி எழுதும் கதைகளை வாசிக்கத் தொடங்கியபோதுதான் அது எனக்குத் திரும்பக் கேட்டது.

1813இல் வெளிவந்த இந்த நாவலுக்கு ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான மாற்றுக் கதைகள் இருக்கின்றன. பிபிசி 1995இல் அதைத் தொடராக எடுத்த பிறகு அவை பெருகின. முறை எளியது. மூலக்கதையில் ஒரே ஒரு முடிச்சை மட்டும் அவிழ்த்துவிட்டு, மற்றதெல்லாம் எப்படி நகர்கிறது என்று பார்ப்பார்கள். டார்சியின் கடிதம் எலிசபெத் கைக்குக் கிடைக்காமல் போனால்? அவன் முதல்முறை கேட்டபோதே அவள் சம்மதித்திருந்தால்? தமிழ் வாசகருக்கும் இது புதிதல்ல. 'பொன்னியின் செல்வ'னுக்குப் பின்கதையாக விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். புதுமைப்பித்தனோ 1943இல் 'சாப விமோசன'த்தில் இன்னும் ஆழமாகக் கை வைத்தார். சீதை தீக்குளித்த செய்தி அகலிகையின் காதுக்கு எட்டினால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். அவருடைய அகலிகை மறுபடியும் கல்லானாள்.

ஆஸ்டினின் மாற்றுக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வகை உண்டு: திரு. பென்னட் சீக்கிரமே இறந்துவிடுகிறார். இந்த ஒரு முடிச்சு அவிழ்ந்ததும் நாவலின் கணக்குப் புத்தகம் வெளியே வந்துவிடுகிறது. லாங்போர்ன் பண்ணையின் வருமானம் ஆண்டுக்கு 2000 பவுண்டு. ஆனால் ஆண் வாரிசுக்கு மட்டுமே போகும்படி கட்டிய சொத்து அது. ஐந்தும் பெண்ணாகப் பிறந்ததால், அவர் கண்ணை மூடியதும் வீடு தூரத்து உறவினர் காலின்ஸுக்குப் போய்விடும். பெண் கேட்க வந்த காலின்ஸே எலிசபெத்திடம் அவள் பங்கைக் கணக்குச் சொல்கிறார்: நாலு சதவீத வட்டியில் 1000 பவுண்டு, அதுவும் தாயின் காலத்துக்குப் பிறகு. ஆண்டுக்கு 40 பவுண்டு. ஆக, திருமதி பென்னட் அசட்டுத்தனமாகப் பேசினாலும் தப்பாகப் பேசவில்லை. அந்த வீட்டில் நிலைமை புரிந்து பயந்தவள் அவள் ஒருத்திதான்.

ஆஸ்டின் இதைக் கற்பனையில் மட்டும் கண்டவர் அல்ல. அவருடைய தந்தை பாதிரியார். 1801இல் அவர் ஓய்வு பெற்றபோது, ஜேன் பிறந்து வளர்ந்த ஸ்டீவன்டன் வீடு மூத்த அண்ணன் கைக்குப் போனது. 1805 ஜனவரியில் தந்தை இறந்தார். அதன்பின் தாயும் ஜேனும் அக்கா கசாண்ட்ராவும் ஆண் மக்கள் சேர்ந்து கொடுத்த பணத்தில் வாழ்ந்தார்கள். 1809இல் எட்வர்டு என்ற அண்ணன் சாட்டன் கிராமத்தில் ஒரு வீடு கொடுக்கும்வரை நிலையான இடம் கிடையாது. தந்தை இறந்த காலத்தையொட்டி அவர் பாதியில் நிறுத்திய நாவல் 'தி வாட்சன்ஸ்'. அதில் நோயாளித் தந்தை அடுத்து இறக்கப்போகிறார், மகள் அண்ணன் தயவில் வாழ வேண்டிவரும் என்று கசாண்ட்ரா பிற்பாடு குடும்பத்துப் பெண்களிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கதையை எடுத்து முடித்தவர் ஆஸ்டினின் இன்னொரு அண்ணன் பிராங்கின் மகள் கேத்தரின் ஹப்பேக். ஜேன் இறந்த மறுவருடம், 1818இல் பிறந்தவர். அவர் எழுதிய 'தி யங்கர் சிஸ்டர்' 1850இல் வந்தது. அவருடைய கணவர் வழக்கறிஞர். மனநலம் குலைந்து அவர் மருத்துவ விடுதியில் சேர்க்கப்பட, மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஹப்பேக் நாவல் எழுதிப் பிழைத்தார். 1870இல் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். சம்பாதிக்கிறவர் விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அவருக்குக் கதைக்கரு மட்டுமல்ல. ஆஸ்டினைத் தொடர்ந்து எழுதும் மரபு தொடங்கியது புலம்பெயரப்போகும் ஒரு பெண்ணின் மேசையில். இதை அறிந்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.

தமிழுக்கு ஆஸ்டின் வந்ததும் இந்த வாசல் வழியாகத்தான். 2000இல் ராஜீவ் மேனன் இயக்கிய 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' அவருடைய 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யைத் தழுவியது. மூலத்திலும் படத்திலும் ஒரு முதியவரின் உயில்தான் தாயையும் பெண்களையும் வீட்டைவிட்டு வெளியேற்றுகிறது. தமிழ்நாட்டில் 1989லேயே கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்குச் சம உரிமை தரும் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் ஒரு உயில் போதுமாயிருந்தது. திரையரங்கில் யாருக்கும் அது அந்நியமாகப் படவில்லை.

வளைகுடாவில் நமக்குச் சொத்தும் இல்லை, உயிலும் இல்லை. இருந்தது பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா. அப்பாவின் விசா கம்பெனியில் தொங்கியது, எங்கள் மூவரின் விசா அப்பாவில் தொங்கியது. அவர் போனால், அம்மா சில வாரங்களுக்குள் வேறு வழி தேட வேண்டும், இல்லையென்றால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். ஒரு விஷயம் மட்டும் லாங்போர்னுக்குத் தலைகீழ். திருமணமாகாத மகள் அப்பா விசாவில் இருக்கலாம். மகனுக்கு 18 முடிந்தால், படிப்பைக் காட்டி நீட்டிக்காவிட்டால், இடம் கிடையாது. மகனுக்கான வயது 25 ஆக உயர்ந்தது 2022இல்தான். விதவைகளும் விவாகரத்தானவர்களும் ஸ்பான்சர் இல்லாமல் ஓராண்டு தங்கலாம் என்று எமிரேட்ஸ் அமைச்சரவை 2018இல் முடிவெடுத்தது. ஒரு வருஷம்தானா என்று வெளியே இருப்பவர்கள் கேட்கலாம். பிள்ளையின் பரீட்சை முடியும்வரை தங்க முடிந்தவளுக்கு அதன் அருமை தெரியும்.

இந்த மாற்றுக் கதைகள் பெரும்பாலும் கல்யாணத்தில்தான் முடிகின்றன. டார்சி வந்து எல்லாரையும் காப்பாற்றிவிடுகிறான். மூலமும் அப்படியே முடிகிறது. அதனால் இவற்றை வெறும் கனவு என்று தள்ளுபவர்கள் உண்டு. முடிவை விட்டுவிட்டு நடுப்பக்கங்களைப் பாருங்கள் என்பேன். எந்தப் பாத்திரத்தை விற்பது, யார் வீட்டில் யாரை விடுவது, யார் வேலைக்குப் போவது என்று அங்கே பெண்கள் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். வீடு தன் பேரில் இல்லாதவர்கள் 'ஒருவேளை' என்று யோசிப்பதை நான் இனிமேல் பொழுதுபோக்கு என்று சொல்ல மாட்டேன்.

போன வருடம் தஞ்சாவூரில் அம்மாவிடம் அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

"கைப்பையில நாலு பாஸ்போர்ட்டும் வச்சிருந்தேன். உன்னை மதுரையில சித்தி வீட்டுல விட்டு பன்னெண்டாவது முடிக்க வைக்கிறது. தம்பியைத் தாத்தாகிட்ட விடுறது. நகையை வச்சா ரெண்டு வருஷம் ஓடும்னு கணக்குப் போட்டேன்."

"நீ எங்கம்மா இருந்திருப்ப?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அது வரைக்கும் போகலடி. அதுக்குள்ள நர்ஸ் வந்து கூப்பிட்டுட்டா."