கூடாரத்தில் கேட்ட குரல்

தமிழ்த் திரைப்பட வரலாறு பெரும்பாலும் படம் எடுத்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. எடுத்த படத்தின் குரல் கிராமத்துப் பார்வையாளனின் செவிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை நாம் அதிகம் கேட்டதில்லை.

1931 அக்டோபர் 31 அன்று வெளியான 'காளிதாஸ்' படத்துடன் தமிழ்த்திரை பேசத் தொடங்கியது. ஆனால் நிரந்தரக் கொட்டகை இல்லாத ஊர்கள் டூரிங் டாக்கீஸையே நம்பியிருந்தன. சிவகாசி வட்டாரத்து ஆலங்குளம் போன்ற கரிசல் ஊர்களின் முந்தைய தலைமுறையினர் பலருக்கு சினிமா என்பது கூடாரத்து மணல்தரையில் உட்கார்ந்து கேட்ட ஒன்று. கேட்டது என்பதே பொருத்தமான சொல். 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'யின் வசனத்தை மனப்பாடமாகச் சொன்னவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

அந்த வசனம் ஃபிலிமில் ஒரு மெல்லிய கோடாக இருந்தது. 35 மி.மீ. ஃபிலிமில் படத்துக்கும் ஓரத்துத் துளைகளுக்கும் நடுவே ஒலிக்கோடு ஓடும். ஒரு சிறு விளக்கின் ஒளி நுண்ணிய பிளவு வழியே அக்கோட்டில் விழும். கோட்டின் ஏற்ற இறக்கத்துக்கேற்பக் கூடிக் குறையும் ஒளியை போட்டோசெல் மின்சாரமாக்கும். வால்வு ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கித் திரைக்குப் பின்னாலுள்ள ஒலிபெருக்கிக்கு அனுப்பும்.

பழுதுகளும் இங்கேதான் பிறந்தன. விளக்குக்கு மாறுமின்சாரம் போனால் அதன் துடிப்பே ரீங்காரமாகக் கேட்கும். ஃபிலிம் சற்றே விலகினால் பிளவு துளைகளைப் படிக்கும். நொடிக்கு 24 சட்டகம், சட்டகத்துக்கு 4 துளை. ஆகவே நொடிக்கு 96 துடிப்புள்ள உறுமல். மறுபக்கம் விலகினால் படத்தின் விளிம்பே படபடக்கும். லென்ஸில் எண்ணெயும் தூசியும் படிந்தால் ஓசை மழுங்கி, வல்லின எழுத்துகள் கரைந்துபோகும். ஒலியைப் படிக்கும் இடம் படச்சட்டத்திலிருந்து 20 சட்டகம் தள்ளியிருப்பதால், ரீல் மாட்டும்போது வளையம் கூடக்குறைய விழுந்தால் வாய் ஒன்று சொல்ல, குரல் வேறொன்று சொல்லும்.

ஆபரேட்டருக்கு இவற்றைக் காதாலேயே பிரித்தறிய வேண்டியிருந்தது. எளிய சோதனை ஒன்றுண்டு. விளக்குக்கும் போட்டோசெல்லுக்கும் நடுவே ஓர் அட்டையைச் சட்டென்று ஆட்டுவார்கள். ஒலிபெருக்கியில் 'டொப்' என்று கேட்டால் போட்டோசெல்லிலிருந்து ஒலிபெருக்கி வரை கோளாறில்லை. தேடவேண்டியது ஃபிலிம் ஓடும் பாதையில். சத்தமே இல்லையென்றால் விளக்கு, போட்டோசெல், வால்வு, ஒயர் என்று வரிசையாகப் பார்க்கவேண்டும். அதுவரை கூட்டம் விசிலடித்துக்கொண்டிருக்கும்.

இது வெறும் இயந்திரச் செய்தி அல்ல. தமிழகத்து அரசியல் ஒரு காலகட்டத்தில் திரை வசனத்தின் தோளேறி வந்தது என்கிறோம். அவ்வாறெனில் அந்த வசனம் தெளிவாகக் கேட்டதா, கேட்காமற் போனதா என்பதும் வரலாற்றுக் கேள்விதான். கதைவசனப் புத்தகங்கள் அச்சாகி விற்றதற்கு இரசனை மட்டுமின்றி, கூடாரத்தில் தவறவிட்டதைப் படித்து நிரப்பிக்கொள்ளும் தேவையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றே எண்ணத் தோன்றுகிறது.

2010-களில் டிஜிட்டல் பிரதி பரவியதும் ஃபிலிம் ரீல்களும் அந்தச் சிறு விளக்கும் திரையரங்குகளை விட்டு நீங்கின. பழைய படங்களை இன்று துப்புரவாக்கிய ஒலியோடு கேட்கிறோம். அன்று மணலில் இருந்தவர் கேட்டது இதுவல்ல. அதை அறிந்த ஆபரேட்டர்கள் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களுடைய நினைவுகளை அவரவர் ஊரில் இப்போதே பதிவுசெய்தாக வேண்டும்.