கோட்டின் எடை

அமெரிக்காவில் வருமான வரி கட்டுகிறவர்களுக்கு 1040 என்ற எண் தெரியாமல் இருக்காது. ஆண்டுதோறும் அவர்கள் நிரப்பியாக வேண்டிய படிவத்தின் எண் அது. பக்கம் முழுக்க மெல்லிய கோடுகள், கட்டங்கள், பொடி எழுத்துகள். ஆப்பிள் நிறுவனத்தின் லேசர்ரைட்டர் சந்தைக்கு வரவிருந்த நாட்களில், அந்த அச்சு இயந்திரத்தின் திறமையைக் காட்ட அடோபி நிறுவனர்களில் ஒருவரான ஜான் வார்னாக் எடுத்துக்கொண்டது இந்தப் படிவத்தைத்தான். பக்கத்தை அச்சு இயந்திரத்துக்கு விவரிக்கும் தம் நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் அதைத் தம் கையாலேயே நிரலாக எழுதினார். பக்கம் பிசகில்லாமல் வந்தது. ஆனால் வெளியே வர இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடித்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் நாலு பேர் முன்னிலையில் காட்டப்போகும் இயந்திரத்துக்கு அது ஆகாது.

தாமதம் எங்கே என்று வார்னாக் தேடினார். போஸ்ட்ஸ்கிரிப்ட் ஒரு முழுமையான நிரல்மொழி. ‘இவ்வளவு இடைவெளி விட்டு இதே கோட்டை இத்தனை தடவை போடு’ என்று அதில் ஒரே வரியில் சொல்லிவிடலாம். எழுதுகிறவருக்கு வேலை குறைவு; அந்தக் கணக்கை எல்லாம் போட வேண்டியது அச்சு இயந்திரம். வார்னாக் தம் நிரலை ஒரு முறை ஓடவிட்டார். முடிவில் விழும் கட்டளைகளை மட்டும் வரிசையாகப் பிடித்துவைத்தார்: இந்தப் புள்ளிக்குப் போ, அங்கிருந்து இங்கே கோடு இழு, இந்த எழுத்தை இங்கே வை. சுற்றும் கணக்கும் காணாமல் போயின. பட்டியல் மட்டும் மிஞ்சியது. அதை அனுப்பியதும் அதே படிவம் 22 விநாடியில் வந்து விழுந்தது.

இன்று கல்யாணப் பத்திரிகை முதல் நீதிமன்றத் தீர்ப்பு வரை கைபேசிக்குக் கைபேசி பறக்கும் பிடிஎஃப்பின் விதை அந்தப் பட்டியல்தான்.

வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்திலிருந்து விலகி, 1982 டிசம்பரில் அடோபியைத் தொடங்கினார்கள். வார்னாக் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஓடையின் பெயர் அது. அவர்கள் 1984-இல் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட், பக்கத்தைப் புள்ளிகளாகப் பார்க்காமல் கோடும் வளைவுமாகப் பார்த்தது. அந்த வளைவுக் கணிதம் பிறந்தது அச்சகத்தில் அல்ல, பிரான்சின் கார் தொழிற்சாலைகளில். சிட்ரோயனில் பால் த காஸ்டெல்ஜோவும் ரெனோவில் பியர் பெசியரும், காரின் உடல் வளைவுகளை எண்களால் எழுத வழி கண்டார்கள். இங்கே கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் தினமும் ‘பெசியர் டூல்’ எடுத்து வரைகிறவர் கையில் இருப்பது அந்த ரெனோ பொறியாளரின் பெயர்.

இதன் சிக்கனத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு வட்டம் வேண்டுமானால் நான்கு வளைவுகள் போதும். பிடிஎஃப்பின் உள்ளே அது ஐந்தாறு வரி: தொடங்கும் புள்ளி, பிறகு வளைவுக்கு ஆறு எண்களாக நான்கு வரிகள், கடைசியில் ‘நிரப்பு’ என்னும் ஓரெழுத்துக் கட்டளை. நூற்றைம்பது, இருநூறு பைட்டில் முடிந்துவிடும். வட்டம் பொட்டளவு இருந்தாலும் அதுதான் கணக்கு, பேனரளவு இருந்தாலும் அதுதான். அதே பக்கத்தைப் படமாக எடுத்தால்? ஏ4 தாள், அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ): குறுக்கே 2,480, நெடுக்கே 3,508. பெருக்கினால் 87 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. புள்ளிக்கு மூன்று பைட் என்றால், சுருக்குவதற்கு முன் 26 எம்பி. வெள்ளைத் தாளில் ஒரே ஒரு வட்டம் இருந்தாலும் அத்தனை புள்ளிகளுக்கும் கணக்கு உண்டு.

1987-இல் வந்த அடோபியின் இல்லஸ்ட்ரேட்டர் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியை ஓவியர் கைக்குக் கொண்டுவந்தது. வார்னாக்கின் மனைவி மார்வா ஒரு வரைகலைஞர். அவர் போன்றோர் நிரல் எழுதாமலே போஸ்ட்ஸ்கிரிப்ட்டில் வரைய ஒரு கருவி வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். அதன் ஆரம்பகாலக் கோப்பு போஸ்ட்ஸ்கிரிப்ட்டேதான். இரண்டு ஆண்டு கழித்து, 1989-இல், கனடாவின் ஒட்டாவாவிலிருந்து கோரல் டிரா வந்தது. தமிழ்நாட்டு டிடிபி மையங்களில் வேரூன்றியது அது.

1991-இல் வார்னாக் ‘கேமலாட்’ என்ற பெயரில் ஒரு சிறு திட்டக் குறிப்பு எழுதினார். எந்தக் கணினியில் உருவானாலும், எந்தக் கணினியிலும் அச்சு அசலாக விரியும் ஆவணம் வேண்டும் என்பது அதன் சாரம். 1993 ஜூனில் அது அக்ரோபேட் ஆக வெளிவந்தது. பிடிஎஃப்பைத் திறந்து படிக்க மட்டுமே உதவும் ரீடருக்கும் முதலில் 50 டாலர் விலை வைத்தார்கள். பிறகுதான் அதை இலவசமாக்கினார்கள். அமெரிக்க வரித்துறை தன் படிவங்களைப் பிடிஎஃப்பாகக் கொடுக்கத் தொடங்கியது. 1040 அங்கேயும் வந்து சேர்ந்தது.

அக்காலத்து மோடத்தை நினைவில் கொள்ள வேண்டும். விநாடிக்கு 14,400 பிட் வேகத்தில் ஒரு எம்பி வந்து சேர ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். கோப்பின் எடை தொலைபேசிக் கட்டணமாக மாறிய காலம். இந்த இடத்தில்தான் வார்னாக்கின் பட்டியல் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. ‘ஆயிரம் தடவை போடு’ என்ற ஒற்றை வரியைப் பட்டியலாக விரித்தால் ஆயிரம் வரி. வேகத்துக்காக விரித்ததை அனுப்புவதற்காகத் திரும்பவும் மடிக்க வேண்டியிருந்தது.

முதல் மடிப்பு எல்இசட்டபிள்யூ என்ற சுருக்கு முறை. திரும்பத் திரும்ப வரும் தொடருக்கு ஒரு சிறு குறியீடு வைத்து எழுதுவது. அதன் காப்புரிமை யுனிசிஸ் நிறுவனத்திடம் இருந்தது. 1996-இல் வந்த பிடிஎஃப் 1.2, ஃபிளேட் என்ற முறையைச் சேர்த்துக்கொண்டது; ஜிப் கோப்புகளுக்காக ஃபில் காட்ஸ் உருவாக்கிய டிஃப்ளேட் முறையே அதன் உட்சரக்கு. அதற்குப் பொது வரையறையை அதே 1996-இல் எழுதியவர் எல். பீட்டர் டாய்ச். அவரும் ஜெராக்ஸ் பாலோ ஆல்டோவில் இருந்தவர். அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருளுக்கு மாற்றாக யாரும் எடுத்துக்கொள்ளும்படி கோஸ்ட்ஸ்கிரிப்ட்டை 1988-இல் எழுதியவரும் அவரே. பெரிய நிறுவனங்களின் பெயர் மட்டும் வெளிச்சத்தில் நிற்கும் இந்த வரலாற்றில், பிடிஎஃப்பை இலேசாக்கியதில் இவர் பங்கு இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டியது.

இத்தனை சிக்கனமாகத் தொடங்கிய ஒன்று பிற்பாடு ஏன் கனத்தது? பெரும்பகுதி விடை 2000-ஆம் ஆண்டில் இருக்கிறது.

அந்த ஆண்டு வந்த இல்லஸ்ட்ரேட்டர் 9, தன் கோப்பின் அடித்தளத்தைப் போஸ்ட்ஸ்கிரிப்ட்டிலிருந்து பிடிஎஃப்புக்கு மாற்றியது. நல்ல மாற்றம்தான். ஆனால் லேயர், எஃபெக்ட், பிரஷ் என்று ஓவியர் நாளை திருத்த விரும்பும் எல்லாவற்றையும் பிடிஎஃப்பின் மொழியில் சொல்லிவிட முடியாது. அதனால் ஒரே உறைக்குள் இரண்டு கடிதம் வைத்தார்கள். ஒன்று ரீடருக்குத் தெரியும் பக்கம். மற்றொன்று இல்லஸ்ட்ரேட்டர் மட்டும் படித்துக்கொள்ளும் அந்தரங்கப் பிரதி. பிடிஎஃப் சேமிக்கும்போது ‘இல்லஸ்ட்ரேட்டர் திருத்தும் வசதியைத் தக்கவை’ என்ற பொருளில் வரும் சிறு கட்டத்தில் டிக் இருந்தால் இரண்டும் சேர்ந்து போகும். வாங்குகிறவர் கண்ணுக்கு இரண்டாவது கடிதம் தெரிவதே இல்லை. சுமப்பது மட்டும் அவர் கைபேசி. வெறும் கோடுகளாலான ஒரு லோகோ எம்பிக் கணக்கில் வீங்கி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கட்டத்தை. மூலக் கோப்பைத் தனியாகப் பத்திரப்படுத்திவிட்டு டிக்கை எடுத்தால், தரத்தில் ஓர் அணுவும் குறையாமல் கோப்பு சுருங்கும்.

அதே பதிப்பு ஒளிபுகும் வண்ணங்களையும் கொண்டுவந்தது. போஸ்ட்ஸ்கிரிப்ட்டுக்கு ஒளிபுகுதல் தெரியாது. மேலே பூசியது கீழே இருப்பதை மறைக்கும், அவ்வளவுதான். 2001-இல் பிடிஎஃப் 1.4 அதைப் புரிந்துகொண்டது. அதற்கு முந்தைய 1.3 வடிவத்தில் சேமித்தால், ஒன்றன் மேல் ஒன்று விழுந்த உருவங்களை மென்பொருள் துண்டு துண்டாக வெட்டியாக வேண்டும். ஒரு நிழல், நான்கு பூ, பின்னால் ஒரு கோபுரம் என்றிருந்த ஓவியம் நூற்றுக்கணக்கான சில்லுகளாகிவிடும். நிழலும் மங்கலும் வளைவாக எழுத முடியாதவை. அவை எப்படியும் புள்ளிப் படமாகத்தான் போகும். இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளிலும் இதே கதை. அங்கே ஏற்றுமதி செய்யும்போது, மங்கலை எத்தனை டிபிஐயில் படமாக்க வேண்டும் என்று கேட்கும் இடம் இதற்காகத்தான்.

ஃபோட்டோக்களின் கனம் எல்லோரும் அறிந்தது. பலரும் கவனிக்காதது வெட்டிய ஃபோட்டோ. குழுப்படத்தில் ஒருவர் முகத்தை மட்டும் வட்டத்துக்குள் வைத்து மற்றதை மறைத்தால், மறைந்த பகுதியும் கோப்புக்குள் பெரும்பாலும் முழுசாக இருக்கும். மாஸ்க் என்பது மூடுதுணி, கத்தரிக்கோல் அல்ல. எடையும் போகாது, மறைத்துவிட்டதாக நினைத்த முகமும் போகாது. அளவைக் குறைப்பதிலோ கணக்கு சாதகமானது: 300 டிபிஐயை 150 ஆக்கினால் புள்ளிகள் பாதியாவதில்லை, காலாகின்றன.

இந்தக் கணக்கை நம்பித்தான் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டில் ‘ஸ்கிரீன்’, ‘ஈபுக்’ என்ற ஆயத்த அளவுகள் இருக்கின்றன. முன்னது படங்களை 72 டிபிஐக்கு இறக்கும், பின்னது 150-க்கு. இல்லஸ்ட்ரேட்டரிலும் ‘மிகச் சிறிய கோப்பு’ என்று ஒன்று உண்டு. திரையில் பார்க்க இவை சரி. இதே கோப்பு பிரஸ்ஸுக்குப் போனால் தாளில் முகங்கள் கட்டம் கட்டமாக விழும். எதற்குப் போகிறது என்று கேட்காமல் சுருக்குவது பெரிய தவறு. அச்சான பிறகு அதைத் திருத்த வழியில்லை.

இனி எழுத்து. தமிழருக்கு இந்த வரலாற்றில் உள்ள பங்கு இதில்தான். தொடக்கத்திலிருந்தே டைம்ஸ், ஹெல்வெடிகா, கூரியர் உள்ளிட்ட 14 எழுத்துருக்கள் ரீடரோடு வரும் என்று கொண்டார்கள்; அவற்றைக் கோப்புக்குள் வைக்க வேண்டியதில்லை. ஆங்கிலப் பக்கம் பஞ்சாகப் பறந்தது. தமிழுக்கு அந்தச் சலுகை இல்லை. 1990-களின் தமிழ் ஃபான்ட்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் குடியிருந்தவை. ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குவியல்தான் தெரியும். ஆகவே எழுத்துருவைக் கூடவே கட்டிக்கொடுக்க வேண்டும். முழு எழுத்துருவையும் அல்ல, பக்கத்தில் வரும் எழுத்துகளை மட்டும். பிடிஎஃப்பின் ஆவண விவரத்தில் ஃபான்ட் பட்டியலைத் திறந்தால், பல பிடிஎஃப்களில் ஃபான்ட் பெயருக்கு முன்னால் ஆறு ஆங்கில எழுத்தும் ஒரு கூட்டல் குறியும் இருக்கும். ‘தேவையானதை மட்டும் பொறுக்கி எடுத்தது’ என்பதன் அடையாளம் அது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க இலக்கியம் முதலான நூல்களைப் பிடிஎஃப்பாகவும் கொடுத்தது. தமிழ் ஃபான்ட் இல்லாத கணினியிலும் அவற்றைப் படிக்க முடிந்தது.

நம் ஊர்ப் பிரஸ்களில் வேறொரு வழக்கம் நிலைத்தது. “கர்வ் பண்ணி அனுப்புங்க” என்பார்கள். எழுத்தை எல்லாம் வளைவாக்கிவிட்டால் ஃபான்ட் சண்டையே இல்லை. பிளேட்டில் கொம்பு குதிக்காது, புள்ளி தொலையாது. பட்டு அறிந்த பிரஸ்காரர்களின் நியாயமான எச்சரிக்கை. ஆனால் விலை இருக்கிறது. எழுத்தாக இருக்கும் ‘க’வின் வடிவம் கோப்பில் ஒரு முறைதான்; பிறகு வருமிடமெல்லாம் ஓரிரு பைட் போதும். கர்வ் செய்த பிறகு, நாற்பது இடத்தில் ‘க’ வந்தால் நாற்பது தடவையும் அதன் அத்தனை வளைவுகளும் எழுதப்படும். நாலு வரிப் பத்திரிகையில் இது தெரியாது. இருநூறு பக்க மலரில் தெரியும். அதைவிடப் பெரிய இழப்பு, அந்த மலரில் ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வெறும் கோடு. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அந்தப் பக்கத்தில் ஊமையாகிவிடும்.

யூனிகோடு எழுத்துருவில் அடித்து, எழுத்தாகவே ஏற்றுமதி செய்த பிடிஎஃப்பிலும் தமிழ் முழுக்கச் சரியாகிவிடவில்லை. காப்பி செய்தால் கொம்பு இடம் மாறி விழுவது இன்னும் நடக்கிறது. ஆனாலும் தேடினால் பெரும்பாலும் அகப்படுகிறது. ஊர்த் திருவிழா மலரோ பள்ளி நூற்றாண்டு மலரோ போடுகிறவர்கள் அதே வடிவமைப்பிலிருந்து இரண்டு கோப்பு எடுத்துவைக்கலாம்: பிரஸ்ஸுக்குக் கர்வ் செய்து, படங்கள் 300 டிபிஐயில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஊராருக்கு அனுப்ப, எழுத்து எழுத்தாகவே இருக்க, படங்கள் 150 டிபிஐயில் ஒன்று. இரண்டாவதைச் சேமிக்க வடிவமைப்பாளருக்குக் கூடுதலாகப் பிடிப்பது ஓரிரு நிமிடம்.