பியர்ஸ் நோயும் அலெக்சாண்டர் பர்செல் ஆய்வுகளும்

பியர்ஸ் நோய் என்பது திராட்சைக் கொடியின் நீர்க்குழாய்களை அடைத்து, சில ஆண்டுகளில் கொடியையே பட்டுப்போகச் செய்யும் பாக்டீரிய நோயாகும். இதற்குக் காரணமான சைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்னும் பாக்டீரியத்தை, சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் செடிக்குச் செடி கொண்டு செல்கின்றன. நோயுற்ற கொடியில் இலைகள் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கருகும். இலைப்பரப்பு உதிர்ந்த பிறகும் காம்பு மட்டும் தண்டில் ஒட்டி நிற்பதும், பழுப்பேறி முற்றிய தண்டில் ஆங்காங்கே பசுந்திட்டுகள் எஞ்சியிருப்பதும் இந்நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களாகும்.

தெற்குக் கலிபோர்னியாவில் ஜெர்மானியக் குடியேறிகள் 1857இல் நிறுவிய அனஹைம் ஊரின் திராட்சைத் தோட்டங்கள் 1880களில் இந்நோயால் அழிந்தன. காரணத்தை அறிய அமெரிக்க வேளாண்மைத் துறை அனுப்பிய நியூட்டன் பியர்ஸ், மண், தட்பவெப்பம், பூஞ்சை ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, ஏதோ ஒரு நுண்ணுயிரே காரணமாக இருக்கக்கூடும் என்று 1892இல் அறிக்கை அளித்தார். ஆனால் அந்நுண்ணுயிரை அவரால் காண முடியவில்லை. நோய்க்கு அவர் பெயர் பின்னாளில் சூட்டப்பட்டது. ஒட்டுக் கட்டினால் நோய் பரவுகிறது, நுண்ணோக்கியில் எதுவும் தெரியவில்லை, செயற்கை ஊடகத்தில் எதுவும் வளரவில்லை என்பதால், வில்லியம் ஹெவிட் முதலானோர் இதனை வைரஸ் நோய் என்று முடிவு செய்தனர். தத்துப்பூச்சிகளே இதைப் பரப்புகின்றன என்பதும், குதிரைமசால் பயிரைக் குட்டையாக்கும் நோய்க்கும் இதுவே காரணம் என்பதும் 1940களில் நிறுவப்பட்டன. அன்று கிடைத்த சான்றுகளுக்கு வைரஸ் என்ற முடிவு பொருந்தியதே. ஆயினும் அது முப்பதாண்டுக் காலம் ஆய்வைத் திசைமாற்றி வைத்தது. டெட்ராசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி நோயைத் தணிப்பது கண்ட பின்னரே ஐயம் எழுந்தது. 1973இல் கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் இரு குழுக்கள் மின்னணு நுண்ணோக்கி வழியே நீர்க்குழாய்களுக்குள் பாக்டீரியத்தைக் கண்டன. 1978இல் மைக்கேல் டேவிஸ், பர்செல், தாம்சன் ஆகியோர் அதனைத் தனித்து வளர்த்துக் காட்டினர். அதற்கு 1987இல் இன்றைய அறிவியல் பெயர் இடப்பட்டது.

பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகப் பூச்சியியலாளரான அலெக்சாண்டர் பர்செல், நோயைச் செடியிலிருந்து மட்டும் பார்க்காமல் பூச்சியின் வாயிலிருந்தும் பார்த்தார் என்பதே அவருடைய பங்களிப்பின் சிறப்பு. நீர்க்குழாய்ச் சாற்றில் சத்து மிகக் குறைவு என்பதால், அதை உண்டு வாழும் தத்துப்பூச்சி தன் எடையைப் போலப் பல மடங்கு சாற்றை நாள்தோறும் உறிஞ்சித் தள்ளுகிறது. அவ்வாறு உறிஞ்சும்போது பாக்டீரியம் முன்குடலின் உட்சுவரில் ஒட்டிப் பெருகி, அடுத்த செடியில் வாய் வைக்கும்போது அதனுள் செல்கிறது. இதனை உணர்த்திய சோதனை எளிமையானது. பூச்சி தோலுரிக்கும்போது, புறத்தோலின் தொடர்ச்சியான முன்குடல் உறையும் சேர்ந்தே கழன்றுவிடுகிறது. நோயுற்ற கொடியில் உண்ட இளம்பூச்சிகள் தோலுரித்தவுடன் நோயைப் பரப்பும் திறனை இழந்தன. இனித் தோலுரிக்காத முதிர்பூச்சிகளோ அதனை நெடுநாள் இழக்கவில்லை. பர்செல் ஆராய்ந்த செர்ரி எக்ஸ் நோய்க்குக் காரணமான, செல்சுவரற்ற ஃபைட்டோபிளாஸ்மா பாக்டீரியம், பூச்சியின் குடலைக் கடந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடையப் பல நாட்கள் ஆகும். சைலெல்லாவுக்கு அத்தகைய காத்திருப்பு தேவையில்லை.

நாபா பள்ளத்தாக்கில் ஆற்றோரப் புதர்களில் குளிர்காலத்தைக் கழிக்கும் நீலப்பச்சைத் தத்துப்பூச்சி, இளவேனிலில் தோட்டத்துக்குள் வருகிறது. அதனால் ஆற்றை ஒட்டிய வரிசைகளில் நோய் மிகுந்தும், உள்ளே செல்லச் செல்லக் குறைந்தும் காணப்படுகிறது. கோடையில் நுனித்தளிரில் ஏறும் தொற்று குளிர்காலக் கவாத்தில் வெட்டுண்டு போகிறது அல்லது குளிரால் அழிகிறது. இளவேனில் தொற்றே நிலைத்து நிற்கிறது என்று அவர் காட்டினார். எப்போது, எங்கே பூச்சியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதை உழவர்கள் இதிலிருந்தே அறிந்தனர்.

இக்கணக்கைக் குலைத்தது, அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து கலிபோர்னியாவுக்குள் புகுந்த கண்ணாடிச் சிறகுத் தத்துப்பூச்சி. இது தளிரில் மட்டுமன்றி, கவாத்துக்கு எட்டாத முதிர்ந்த அடித்தண்டிலும் வாய் வைக்கக்கூடியதாகையால், தெமெக்குலா பகுதித் தோட்டங்கள் 1990களின் இறுதியில் பேரழிவைக் கண்டன. முட்டைகளை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் விடப்பட்டன. காட்டுத் திராட்சை இனத்தோடு கலந்து ஆண்ட்ரூ வாக்கர் உருவாக்கிய எதிர்ப்புத்திறன் கொண்ட இரகங்கள் 2019இல் வெளியிடப்பட்டன. இதற்கிடையே பிரேசில் அறிவியலாளர்கள் ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் சைலெல்லாவின் மரபணுத் தொகுதியை 2000ஆம் ஆண்டில் முழுமையாக வாசித்தனர். பயிர் நோய் விளைவிக்கும் பாக்டீரியங்களுள் அவ்வாறு வாசிக்கப்பட்ட முதலாவது இதுவே.

இத்தாலியின் அப்பூலியா பகுதியில் ஆலிவ் மரங்கள் காய்ந்துவருவதற்கு இதே பாக்டீரியம் காரணம் என்று 2013இல் தெரியவந்தது. அங்கே நோயைப் பரப்பும் நுரைப்பூச்சியின் இளம்பருவம் களைச்செடிகளிலேயே கழிகிறது. ஆகவே அவை சிறகு முளைத்து மரத்துக்கு ஏறுமுன், இளவேனிலில் தோப்புகளின் களைகளை உழுதோ வெட்டியோ அழிப்பது தடுப்பு முறைகளுள் முதன்மையானதாக உள்ளது.