லெய்ரே மடத்தின் தந்தப் பெட்டி



அந்தலூஸ் பற்றிப் பகிரப்படும் படங்களில் ஒரு யானைத் தந்தப் பெட்டியை நீங்களும் பார்த்திருக்கலாம். படத்தோடு நம் பழைய பெருமையைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். மிச்சக் கதையையும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

ஹிஜ்ரி 395 இல், அதாவது கி.பி. 1004-05 இல் செய்யப்பட்டது அது. கொர்தோவாவில் ஆட்சியைக் கையில் வைத்திருந்த ஹாஜிப் அல்-மன்சூரின் மகன் அப்துல் மலிக்குக்காகச் செய்தார்கள். மூடியைச் சுற்றிக் கூஃபி எழுத்து. அல்லாஹ்வின் பெயரால் தொடங்கி அவருக்குப் பரக்கத் வேண்டுகிறது. பக்கங்களில் வேட்டைக்காரர்களும் இசைக் கலைஞர்களும். (முஸ்லிம்கள் உருவமே செதுக்கியதில்லை என்பவர்கள் இதை ஒருமுறை பார்க்கட்டும்.)

பிற்காலத்தில் இந்தப் பெட்டி இருந்தது வட ஸ்பெயினின் நவார்ராவில், லெய்ரே என்ற கிறிஸ்தவ மடத்தில். உள்ளே இரண்டு பெண்பிள்ளைகளின் எலும்புகள். அக்காலக் கிறிஸ்தவர்கள் புனிதர்களின் எலும்பையும் உடையையும் திருப்பண்டங்களாகப் போற்றினார்கள். அவற்றைச் சாதாரணப் பெட்டியில் வைக்க மனம் வராது. பொன், வெள்ளி, தந்தம் என்று கைக்குக் கிடைத்ததில் மிகச் சிறந்ததைத் தேடினார்கள்.

அந்தப் பிள்ளைகள் நுனிலோ, அலோதியா என்ற சகோதரிகள். தகப்பன் முஸ்லிம், தாய் கிறிஸ்தவர். தகப்பனின் மார்க்கமே பிள்ளைகளுக்கும் என்பது அன்றைய சட்டம். இவர்கள் தாயின் மதத்தை விட மறுத்தார்கள். 851 இல் வெஸ்கா நகரில் தலை வெட்டப்பட்டார்கள். கொர்தோவாவின் பாதிரியார் யூலோஜியஸ் தம் காலத்திலேயே இதை எழுதி வைத்தார். பெட்டியின் படத்தைப் பகிரும் நாம் இந்த இரண்டு பெயர்களையும் விட்டுவிடுவது நேர்மையல்ல.

பொருட்கள் மறுதிசையிலும் போயின. அதே அப்துல் மலிக்கின் தகப்பன் அல்-மன்சூர் 997 இல் சந்தியாகோ நகரைத் தாக்கி, தேவாலய மணிகளைக் கொர்தோவாப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனார். 1236 இல் அந்நகரைப் பிடித்த மூன்றாம் பெர்னாந்து மன்னர் அவற்றைத் திருப்பி அனுப்பினார்.

லெய்ரே துறவிகள் ஏன் அந்த அரபு எழுத்தைச் சுரண்டி எடுக்கவில்லை? வாசிக்கத் தெரியாமல் விட்டார்கள் என்று சொல்வார்கள். எனக்கு அது முழுதாகப் பொருந்தவில்லை. அருகிலிருந்த சரகோசாவே 1118 வரை முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. அரபு தெரிந்தவர்கள் தூரத்தில் இல்லை. பெட்டியின் அழகும் அருமையும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன என்றே நினைக்கிறேன்.

இது ஒன்று மட்டுமல்ல. பிரான்சின் ஆப்த் தேவாலயத்தில் புனித அன்னாவின், அதாவது மர்யம் (அலை) அவர்களின் தாயாரின், முக்காடு என்று நூற்றாண்டுகளாகப் போற்றப்பட்ட துணி, எகிப்தின் தமியாத்தாவில் 1096-97 அளவில் நெய்யப்பட்டது. பாத்திமிய கலீபா அல்-முஸ்தஃலீயின் பெயர் அதில் அரபியில் இருக்கிறது.

தந்தப் பெட்டி இன்று பம்ப்லோனாவில், நவார்ரா அருங்காட்சியகத்தில். எழுத்து அப்படியே இருக்கிறது.