போகோ ஹராம்: பட்டியலில் சேர்க்க ஏன் அத்தனை தயக்கம்?

ஒரு இயக்கம் ஊர் ஊராகக் குண்டு வைக்கிறது. அதைப் பயங்கரவாத இயக்கம் என்று அறிவிக்க இரண்டு வருடம் யோசிப்பார்களா? யோசித்தார்கள். அதுவும் அமெரிக்கா!

நைஜீரியாவின் வடகிழக்கில் உள்ள மைதுகுரி நகரில் 2002 வாக்கில் முகமது யூசுப் என்ற மதபோதகர் தொடங்கிய இயக்கம் இது. 'போகோ ஹராம்' என்பது மற்றவர்கள் வைத்த பெயர். மேற்கத்தியக் கல்வி விலக்கப்பட்டது என்று பொருள். 2009 ஜூலையில் பெரிய மோதல் வெடித்தது. ராணுவம் யூசுப்பை உயிரோடு பிடித்துப் போலீசிடம் ஒப்படைத்தது. சில மணி நேரத்தில் அவர் பிணம். தப்பி ஓடினார், சுட்டோம் என்றது போலீஸ். (எந்த நாட்டுப் போலீசும் சொல்லும் அதே கதை!) அடுத்து வந்த அபூபக்கர் ஷெகாவ் இன்னும் கொடூரமானவர். 2011 ஆகஸ்டில் தலைநகர் அபுஜாவில் ஐ.நா. கட்டடத்திலேயே கார் குண்டு வெடித்தது.

2012 ஜூனில் ஷெகாவ் உட்பட மூன்று தனிநபர்களை மட்டும் அமெரிக்கா பட்டியலில் சேர்த்தது. இயக்கத்தைச் சேர்க்கவில்லை. வேண்டாம் என்று மல்லுக்கு நின்றது வேறு யாருமல்ல, நைஜீரிய அரசுதான்! விமான நிலையங்களில் தங்கள் மக்களைக் குடைவார்கள், முதலீடு ஓடிவிடும் என்ற பயம். ஆப்பிரிக்காவை ஆராயும் பேராசிரியர்கள் சிலரும் அன்றைய வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டனுக்குக் கடிதம் எழுதினார்கள். முத்திரை குத்தினால் உள்ளூர்ச் சண்டை உலகச் சண்டையாகிவிடும், அத்துமீறும் ராணுவத்துக்கு லைசென்ஸ் கொடுத்த மாதிரி ஆகும் என்பது அவர்கள் வாதம். யூசுப்பின் முடிவை நினைத்தால் அதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

2013 ஜூனில் நைஜீரியாவே தடை விதித்தது. நவம்பரில் அமெரிக்கா. 2014 ஏப்ரல் 14 இரவு சிபோக் பள்ளியிலிருந்து 276 மாணவிகள் கடத்தப்பட்டார்கள். மே 22-ல் ஐ.நா. பட்டியலிலும் பெயர் ஏறியது, இந்த முறை நைஜீரியாவே கேட்டு!

சரி, பட்டியல் என்ன செய்யும்? முக்கியமாக, சொத்தை முடக்கும். முடக்குவதற்குக் கணக்கு என்று ஒன்று வேண்டுமே! இவர்கள் பேங்கில் பணம் போடுகிறவர்கள் இல்லை, பேங்கைக் கொள்ளையடிக்கிறவர்கள். மிரட்டி வசூல், மாட்டுத் திருட்டு, ஆள் கடத்தல்... எல்லாமே ரொக்கம். 2013-ல் கேமரூனில் கடத்திய பிரெஞ்சுக் குடும்பத்துக்காக 30 லட்சம் டாலருக்கு மேல் கைமாறியதாக ராய்ட்டர்ஸ் எழுதியது. பிரான்ஸ் மறுத்தது. எந்த லெட்ஜரில் போய் இதைத் தேடுவது?

ஷெகாவ் 2021 மே மாதம் செத்தார். சுற்றி வளைத்தது அரசுப் படை இல்லை, பிரிந்துபோன ஐ.எஸ். ஆதரவுக் குழு. சிபோக் மாணவிகளில் 80-க்கும் மேற்பட்டோர் 2024 ஏப்ரலில், பத்து வருடம் கழித்தும், வீடு திரும்பியிருக்கவில்லை.