36 மணி நேர அஞ்சலட்டை

மறைந்தது ஓர் அஞ்சலட்டை. தபால்தலை ஒட்டி, முகவரி எழுதி, உள்ளூர் மன்றம் மருத்துவர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் இலவசமாகக் கொடுத்த அட்டை. இங்கிலாந்தில் பிள்ளை பிறந்த 36 மணி நேரத்துக்குள் அதை ஊர்ச் சுகாதார அதிகாரிக்குப் போட்டுவிட வேண்டும். தவறினால் 20 ஷில்லிங் வரை அபராதம்.

பிறப்புப் பதிவு அங்கே 1837-இலேயே வந்துவிட்டது. ஆனால் பதிய 42 நாள் அவகாசம். வயதுக்கும் வாரிசுக்கும் அது போதும். பிள்ளையைக் காப்பாற்றப் போதாது. அதிகாரிக்குச் சேதி எட்டுமுன்பே பல சிசுக்கள் மண்ணுக்குப் போயிருந்தன. 1899-இல் இங்கிலாந்து, வேல்ஸில் பிறந்த ஆயிரத்துக்கு 163 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் இறந்தன. கோடை வந்தால் வயிற்றுப்போக்கு அள்ளிக்கொண்டு போகும்: எடுப்புக் கக்கூஸ், குதிரைச் சாணம், ஈ, கழுவவே வராத நீண்ட ரப்பர் குழாய் வைத்த பால் புட்டி.

வழி காட்டியது ஹடர்ஸ்ஃபீல்டு என்ற கம்பளி நகரம். 1904-இல் மேயரான பெஞ்சமின் பிராட்பென்ட், லாங்வுட் பகுதியில் தம் பதவிக்காலத்தில் பிறக்கும் குழந்தைக்கு ஓராண்டு நிறைந்தால் ஒரு பவுண்டு என்று எழுதிக் கொடுத்தார். பணக்காரரின் விளம்பரம் என்று சிரிக்கலாம். ஆனால் பிள்ளையைக் காக்க வேண்டுமானால் அது பிறந்தது உடனே தெரிய வேண்டுமே! 1906-இல் நகரம் தனிச் சட்டமே வாங்கிப் பிறப்பறிவிப்பைக் கட்டாயமாக்கியது. மறு ஆண்டு நாட்டுக்கான சட்டம், விரும்பிய ஊர்களுக்கு. 1915-இல் எல்லா ஊர்களுக்கும்.

கூலியில்லாத வேலை, அதற்கு அபராதம் வேறா என்று மருத்துவர்கள் முணுமுணுத்தார்கள். நியாயமான எரிச்சல்தான். அர்பன் டிஸ்ட்ரிக்ட் எனப்பட்ட சிறுநகரங்களில் உள்ளூர் மருத்துவரே பகுதிநேரச் சுகாதார அதிகாரியாகவும் இருப்பதுண்டு. தாமே பிரசவம் பார்த்துவிட்டுத் தமக்கே அட்டை போட்டுக்கொண்டாரோ என்னவோ!

அட்டை வந்ததும் சுகாதாரப் பார்வையாளரான பெண் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார். தாய்ப்பாலா, புட்டியா என்று விசாரிப்பார். அவரை நம்பிய தாய்மாரும் உண்டு, வேவு பார்க்க வந்தவள் என்று முகம் சுளித்தவர்களும் உண்டு.

அட்டையின் பெருமை என்று நான் சொல்வது வேறொன்றை. 28 வாரம் கடந்து பிறந்த பிள்ளைக்கு உயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அட்டை போட வேண்டும் என்றது சட்டம். செத்துப் பிறந்த பிள்ளைகளுக்கு 1927 ஜூலை வரை அரசின் பிறப்பு, இறப்புப் பதிவேடு இரண்டிலுமே இடமில்லை. அதுவரை, சட்டம் நடப்பில் இருந்த ஊர்களில் அவர்களையும் கணக்கில் சேர்த்தது இந்த அட்டைதான். பெயர் வைக்காத பிள்ளைக்கும் ஒரு வரி கிடைத்தது.

பிரசவம் மருத்துவமனைக்குப் போகப் போக அட்டைக்கு வேலை குறைந்தது. 1974 ஏப்ரல் 1 அன்று சுகாதார அதிகாரி பதவியும் அர்பன் டிஸ்ட்ரிக்ட் மன்றங்களும் ஒரே நாளில் ஒழிந்தன. அட்டைக்குப் பின் இருப்பவர்கள்: கணினிக்குக் குடிபெயர்ந்துவிட்ட 36 மணி நேரக் கெடு, அசையாத 42 நாள் கெடு, இன்னும் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் சுகாதாரப் பார்வையாளர்கள்.