ரோஜாக் கவாத்து (செட்டிநாடு)

ரோஜாச் செடியின் முதிர்ந்த, காய்ந்த, நோயுற்ற கிளைகளை உரிய பருவத்தில் வெட்டிப் புதுத் தளிரை வரவழைக்கும் வேலைக்குக் கவாத்து என்று பெயர். ரோஜா புதுத் தளிரின் நுனியில் பூப்பது என்பதே இதன் அடிப்படை. குளிர்நாடுகளில் செடி பனிக்காலத்தில் உறங்கி வசந்தத்தில் தானே துளிர்க்கும். கவாத்து அந்தத் துளிர்ப்பை ஒழுங்குபடுத்தும், அவ்வளவே. செட்டிநாட்டின் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அந்த உறக்கமே கிடையாது. ஓயாமல் வளரும் செடி கிளைமேல் கிளை விட்டு நெடுத்து, பூ சிறுத்துப்போகும். ஆகவே அங்கே குளிர் செய்வதை இங்கே கத்தரி செய்கிறது. அதற்கு நாள் குறித்துக் கொடுப்பது மழை.

கிளை நுனியில் உண்டாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது என்பதை 1930களில் திமான், ஸ்கூக் என்னும் ஆய்வாளர்கள் அவரைக் குடும்பச் செடியில் காட்டினர். மொட்டு விழிக்கச் சர்க்கரையும் வேண்டும் என்பதைப் பிந்தைய ஆய்வுகள் ரோஜாவிலேயே கண்டன. நுனியை வெட்டினால் தடை நீங்கும். அளவு மீறி வெட்டினாலோ இலையோடும் தண்டோடும் அந்தச் சர்க்கரையும் போய்விடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அக்டோபர் முதல் டிசம்பருக்குள், சென்ற பருவத்தில் வளர்ந்த கிளைகளைப் பாதி நீளத்துக்கு வெட்டச் சொல்வது இந்த இரண்டுக்கும் நடுவான அளவு. நீரைத் தேக்காத செட்டிநாட்டுச் செம்மண்ணுக்குப் பருவமும் பொருந்துகிறது: வடகிழக்கு மழையில் வேர் நனைந்திருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். ஐப்பசிக் கடைசியில் வெட்டிய செடி ஏறத்தாழ 45 நாளில், மார்கழியில் பூக்கும். சித்திரை வெயிலுக்குள் தண்டும் முற்றிவிடும்.

மழையில் வெட்டினால் காயம் வழியே பூஞ்சை நுழைந்து நுனிக்கருகல் வரும் என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் கோடையில் வெட்டினால் இலை மறைவிழந்த தண்டின் பட்டை வெயிலில் வெந்துபோகும்; அதைத் தடுக்க மருந்தில்லை. பூஞ்சைக்கு உண்டு: மழை விட்ட நாளாகப் பார்த்து வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவினால் போதும். வெளிநோக்கிய மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டும் நுணுக்கம் வீண் என்பது இன்னொரு வாதம். 1990களில் பிரிட்டனின் ராயல் தேசிய ரோஜாச் சங்கம் வேலி வெட்டும் கருவியால் மொட்டுப் பார்க்காமல் மொத்தமாக வெட்டிய செடிகளும் பூவில் குறைவைக்கவில்லை என்று கண்டது உண்மை. ஆனால் அது குளிர்நாட்டுச் சோதனை. இங்கே மொட்டுக்கு மேல் நீளமாக விட்ட குச்சி காய்ந்து, கருகல் அதிலிருந்தே கீழே இறங்குகிறது. அந்தச் சோதனையிலிருந்து செட்டிநாட்டுத் தோட்டக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியது தயங்காமல் வெட்டும் துணிவை மட்டுமே.

ஒட்டுக்கட்டிய செடியில் ஒட்டுக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து கிளம்பும் தளிரை எந்த மாதமானாலும் உடனே நீக்க வேண்டும். கவாத்தை ஒட்டி அக்டோபரில் செடிக்கு 10 கிலோ தொழுவுரம் இட வேண்டும். ஊட்டமில்லாத செடியில் வெட்டு வெறும் காயம்தான்.